ரொட்டி, சம்பல், பொரித்த எண்ணெய்: உணவுக் கொழுப்பு உடம்புக்குள் செய்யும் வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழுப்பு என்றால் மலையகத்தில் இரண்டு பேச்சுத்தான் அதிகம் கேட்கும். ஒன்று, "எண்ணெயைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது." மற்றது, "தேங்காய் எண்ணெய் மருந்து மாதிரி, எவ்வளவும் சாப்பிடலாம்." இரண்டிலும் பாதிதான் உண்மை. எந்தக் கொழுப்பு, எதோடு சேர்த்து, யாருடைய தட்டில் என்று கேட்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஹட்டனிலிருந்து பதுளை வரை வீட்டிலும் கடையிலும் உண்மையில் சமைப்பதை வைத்தே இந்தப் பதில்கள்.

எல்லாம் கொழுப்புத்தானே, வகைக்கு வகை என்ன வித்தியாசம்?

எண்ணெய், நெய், தேங்காய்ப்பால், மீன் கொழுப்பு எல்லாமே பெரும்பாலும் ட்ரைகிளிசரைட்தான். கிளிசரோல் என்ற சிறிய மூலக்கூறோடு மூன்று கொழுப்பமிலங்கள் சேர்ந்தால் ஒரு ட்ரைகிளிசரைட். எதை எரித்தாலும் ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி கிடைக்கும், அதில் வித்தியாசமில்லை. வித்தியாசம் கொழுப்பமிலத்தின் காபன் சங்கிலி எவ்வளவு நீளம், அதில் இரட்டைப் பிணைப்பு எத்தனை என்பதில் இருக்கிறது.

இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிரம்பிய கொழுப்பமிலம். தேங்காயில் அதிகமாக இருக்கும் 12 காபன் லோரிக் அமிலமும், பாம் எண்ணெயில் அதிகமாக இருக்கும் 16 காபன் பாமிற்றிக் அமிலமும் இந்த வகை. ஒரு இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒலெயிக் அமிலம். அவகாடோவிலும் கச்சானிலும் நிறைய. இரண்டு இருந்தால் லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6. சோயா, சூரியகாந்தி, நல்லெண்ணெய் ஆகியவற்றில் அதிகம். மூன்று இருந்தால் ஆல்பா லினோலெனிக் அமிலம். சோயா எண்ணெயில் ஏழு சதவீதம் அளவு இருக்கும் ஒமேகா-3 அதுதான். கடல்மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களான ஈ.பி.ஏ.யில் ஐந்து, டி.எச்.ஏ.யில் ஆறு.

ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் சங்கிலியை ஒரு இடத்தில் வளைக்கிறது. நேரான விறகுக் கட்டைகளை அடுக்கினால் நெருக்கமாக அமரும், வளைந்த கிளைகளை அடுக்கினால் இடைவெளி விழும், மூலக்கூறுகளும் அப்படித்தான். நெருக்கமாக அமர்பவை குளிரில் சீக்கிரம் உறைகின்றன.

நுவரெலியாவில் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிடுகிறது. சாப்பிட்ட பிறகு இரத்தக் குழாயிலும் இப்படி உறையுமா?

உறையாது. தேங்காய் எண்ணெய் உறைவது ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். ஆகவே அங்கே போத்தல் பாதி நாள் வெள்ளையாகத்தான் நிற்கும். உடம்பின் சூடு 37 பாகை. அந்தச் சூட்டில் தேங்காய் எண்ணெய் திரவம்தான். அதோடு, கொழுப்பு குருதியில் எண்ணெய்த் துளியாக மிதந்து போவதும் இல்லை. புரதமும் பொஸ்போலிப்பிட்டு என்ற கொழுப்பு வகையும் போர்த்திய நுண்ணிய துணிக்கைகளாகப் போகிறது.

குழாயில் படிவு உண்டாவது வேறு கதை. கொலஸ்ட்ரோலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துணிக்கைகள் குருதியில் நீண்ட காலம் அதிகமாகத் திரிந்தால், குழாய்ச் சுவரின் உட்படைக்குள் நுழைந்து சிக்கி, ஒட்சியேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்கவரும் வெள்ளைக் கலங்கள் கொலஸ்ட்ரோலால் நிரம்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. இதற்குப் பல வருடம் பிடிக்கும். குளிரும் சூடும் இதில் சம்பந்தப்படுவதில்லை.

"எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு சுடுதண்ணி குடித்தால் கொழுப்புக் கரையும்" என்பதும் இதே வகைக் கதை. வயிற்றுக்குள் போகும் சுடுதண்ணி சில நிமிடங்களில் உடல் சூட்டுக்கு வந்துவிடும். கொழுப்பைப் பிரிப்பது பித்தமும் சதையியின் லைபேஸ் நொதியமும். சுடுதண்ணி குடித்தால் நெஞ்சுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

சாப்பிடும் கொழுப்பு கலத்தின் சவ்விலேயே போய்ச் சேர்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் எல்லா வகையும் ஒரே அளவில் இல்லை.

ஒவ்வொரு கலத்தையும் சுற்றியிருக்கும் மென்சவ்வு ஏறத்தாழ 5 நனோமீற்றர் தடிப்புள்ள, இரண்டு அடுக்குப் பொஸ்போலிப்பிட்டு. அந்த அடுக்கு திரவம்போல் அசைகிறது என்றும், புரதங்கள் அதில் மிதக்கின்றன என்றும் சிங்கர், நிக்கல்சன் இருவரும் 1972இல் விளக்கினார்கள். ஒவ்வொரு பொஸ்போலிப்பிட்டிலும் இரண்டு கொழுப்பமிலங்கள் உண்டு. வழக்கமாக ஒன்று நிரம்பியது, மற்றது நிரம்பாதது. சவ்வு மிக இறுகினால் இன்சுலினைப் பிடிக்கும் வாங்கி, குளுக்கோசை உள்ளே கொண்டுவரும் கடத்தி போன்ற புரதங்களின் அசைவு தடைப்படும். மிகத் தளர்ந்தால் கசியும். அதனால் கலம் இந்தச் சமநிலையை விடாப்பிடியாகக் காக்கிறது: நிரம்பிய கொழுப்பு அதிகம் வந்தால் சிலவற்றில் இரட்டைப் பிணைப்பு ஏற்றுகிறது, கொலஸ்ட்ரோலின் அளவையும் சரிசெய்கிறது. எனவே தேங்காய்ப்பால் அதிகம் குடித்ததால் சவ்வு கல்லாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஏற்ப நன்றாக மாறுவது ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் இடையிலான விகிதம். இந்த இரண்டையும் நமது உடம்பு தானாகச் செய்ய முடியாது. கட்டாயம் சாப்பாட்டில் வர வேண்டும். ஜோர்ஜ் பர், மில்ட்ரட் பர் என்ற தம்பதியர் 1929இல் எலிகளுக்குக் கொழுப்பில்லாத உணவு கொடுத்து இதைக் கண்டுபிடித்தார்கள். எலிகளின் தோல் செதில்செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது.

கலத்துக்கு அடி விழும்போதோ கிருமி வரும்போதோ சவ்விலிருந்து இந்தக் கொழுப்பமிலங்கள் வெட்டி எடுக்கப்பட்டுச் செய்திப் பொருட்களாகின்றன. ஒமேகா-6 வழியில் வரும் அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து வீக்கத்தையும் குருதி உறைதலையும் தூண்டும் புரொஸ்டகிளாண்டின், துரொம்பொக்சேன் போன்றவை உண்டாகும். அதே இடத்தில் ஈ.பி.ஏ. இருந்தால் உண்டாகும் பொருள் வீரியம் குறைந்தது. டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. இரண்டிலிருந்தும் வீக்கத்தை அடக்கும் பொருட்களும் வருகின்றன. ஒமேகா-6 விஷம் என்பதல்ல பொருள்; காயம் ஆற அதுவும் வேண்டும். மீனே இல்லாத தட்டில்தான் விகிதம் ஒரு பக்கமாகச் சரிகிறது.

இன்று மீன் சாப்பிட்டு நாளை மாற்றம் எதிர்பார்க்கக் கூடாது. செங்குருதிக் கலத்தின் ஆயுள் 120 நாள் அளவு. அதன் சவ்வில் ஒமேகா-3 முழுமையாக உயர மூன்று, நான்கு மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் நேராக ஈரலுக்குப் போய் எரிந்துவிடும், உடம்பில் சேராது என்று சொல்கிறார்களே?

இது வேறொரு எண்ணெய்க்கு உரிய புகழ். 8, 10 காபன் உள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள் குடலிலிருந்து ஈரலுக்கு நேரடியாகப் போகும், சீக்கிரம் எரியும். ஆராய்ச்சிகளில் பயன்படுத்தியது அவற்றை மட்டும் பிரித்தெடுத்த எண்ணெயை. தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்து 15 சதவீதம்கூட வராது. பாதி அளவு இருக்கும் லோரிக் அமிலத்தில் பெரும்பகுதி, மற்ற நீண்ட கொழுப்பமிலங்களைப் போலவே, கைலோமைக்ரோன் என்ற துணிக்கைகளில் ஏறி நிணநீர் வழியாகச் சுற்றிக் குருதிக்கு வருகிறது. வழியில் தசையும் கொழுப்பிழையமும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. கலோரிக் கணக்கில் தேங்காய் எண்ணெய்க்குச் சலுகை எதுவும் கிடையாது: ஒரு மேசைக்கரண்டி 120 கிலோ கலோரி.

காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சீனி போட்ட பிளேன்டி. மலையில் ஏறி இறங்கி வேலை செய்தும் ஏன் வயிறு போடுகிறது?

இங்கே கொழுப்பை மட்டும் குற்றம் சொன்னால் விடை கிடைக்காது. கணக்குப் பாருங்கள்: 500 கிராம் கோதுமை மா, அரைத் தேங்காய்ப் பூ போட்டு 10 ரொட்டி சுட்டால், இரண்டு ரொட்டியில் 70 கிராமுக்கு மேல் மாப்பொருளும் 10 கிராம் அளவு கொழுப்பும் இருக்கும். பிளேன்டிக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் இன்னும் 8 முதல் 10 கிராம். நாளுக்கு ஐந்தாறு தரம் குடிப்பவர்களுக்கு அது மட்டும் 50 கிராமைத் தொடும்.

கொழுப்பு எரிவது கலத்துக்குள் இருக்கும் இழைமணியில். நீண்ட கொழுப்பமிலம் இழைமணிக்குள் நுழையக் கார்னிட்டின் என்ற காவி தேவை. அந்தக் கதவைத் திறப்பது சி.பி.டி.-1 என்ற நொதியம். மாவும் சீனியும் வந்து இன்சுலின் உயர்ந்ததும், கலத்தில் மெலோனைல் கோ-ஏ என்ற பொருள் கூடுகிறது, அது சி.பி.டி.-1ஐத் தடுக்கிறது. கதவு மூடிவிடும். உடம்பு அந்த நேரம் குளுக்கோசை எரிக்கிறது. கூடவே வந்த கொழுப்பு சேமிப்புக்குப் போகிறது. இன்சுலின் இறங்கியதும் கதவு மீண்டும் திறக்கும். ஒரு பாமிற்றிக் அமில மூலக்கூறு எரிந்தால் கலம் சக்திக்குச் செலவழிக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு 106 கிடைக்கும், ஒரு குளுக்கோசுக்கு 30 அளவுதான்; எனவே மணிக்கணக்கில் மெதுவாக நடக்கும், ஏறும் வேலைக்குக் கொழுப்பு மிக நல்ல எரிபொருள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிறட்டுக்குப் போனதிலிருந்து மாலை வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இனிப்புத் தேநீர் வந்துகொண்டே இருந்தால், அந்த எரிபொருளைத் தொட உடம்புக்கு வாய்ப்புக் குறைகிறது.

எண்ணெயைக் குறைப்பதற்கு முன் தேநீரின் சீனியைக் குறையுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். இரண்டு தேக்கரண்டியை ஒன்றாக்கி, இரண்டு வாரம் கழித்து அரையாக்கினால் நாக்குப் பழகிவிடும். ரொட்டியை இரண்டிலிருந்து ஒன்றரையாக்கி, அந்த இடத்தில் ஒரு முட்டை அல்லது பருப்புக் கறி வைத்தால் பத்து மணிக்கு வரும் பசியும் குறையும்.

அப்படியானால் தேங்காய் எல்.டி.எல்.ஐக் கூட்டுவதில்லையா?

கூட்டும். ஈரல் கலங்களின் மேல் எல்.டி.எல். வாங்கிகள் உள்ளன, குருதியில் திரியும் எல்.டி.எல்.ஐப் பிடித்து உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. லோரிக், மிரிஸ்டிக், பாமிற்றிக் அமிலங்கள் அதிகமானால் இந்த வாங்கிகளின் செயற்பாடு குறைகிறது, எல்.டி.எல். குருதியில் தங்குகிறது. லினோலெயிக் போன்ற பல இரட்டைப் பிணைப்புள்ளவை எதிர்ப்பக்கம் வேலை செய்கின்றன. வெண்ணெயிலும் இறைச்சிக் கொழுப்பிலும் உள்ள 18 காபன் ஸ்டியரிக் அமிலம் நிரம்பியதுதான், ஆனாலும் எல்.டி.எல்.ஐப் பெரிதாக மாற்றுவதில்லை. உடம்பு அதைச் சுலபமாக ஒலெயிக்காக மாற்றிவிடுவது இதற்கு ஒரு காரணம்.

தேங்காய் எண்ணெய் பற்றிய 16 பரிசோதனைகளைத் திரட்டிய 2020ஆம் ஆண்டின் பகுப்பாய்வில், சோயா, சூரியகாந்தி, ஒலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது எல்.டி.எல். சராசரியாக டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவு கூடியது, 'நல்ல கொலஸ்ட்ரோல்' எனப்படும் எச்.டி.எல்.லும் 4 அளவு கூடியது. எச்.டி.எல். கூடுவதை வைத்துக் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. மருந்தால் எச்.டி.எல்.ஐ உயர்த்திப் பார்த்த பரிசோதனைகளில் மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆகவே அந்த வாதத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

தேங்காயை விட்டுவிட வேண்டுமா? எவ்வளவு போதும்?

விட வேண்டியதில்லை, எண்ணிப் பயன்படுத்த வேண்டும். நிரம்பிய கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. 2,000 கிலோ கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம்.

துருவிய தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு, அதில் 30 கிராம் நிரம்பியது. நடுத்தரத் தேங்காய் ஒன்றில் 300 கிராம் பூ வருமென்று வைத்தால், முழுவதையும் நான்கு பேர் சாப்பிட்டால் தலைக்கு 22 கிராம். நாளுக்கான பங்கு அதோடு முடிந்தது. பால்மா, முட்டை, வடைக்கு இடமில்லை. பாலாகப் பிழிந்தால் கொழுப்பில் கணிசமான பங்கு சக்கையில் தங்கும். சம்பலாகவும் ரொட்டியாகவும் சாப்பிட்டால் எல்லாமே வயிற்றுக்குத்தான். காலை இரண்டு ரொட்டியில் 9 கிராம், அதோடு இரண்டு மேசைக்கரண்டி சம்பலில் 6 கிராம் என்று 15 கிராம் அப்போதே ஏறிவிடும்.

நான்கு பேர் வீட்டுக்கு நாளுக்கு அரைத் தேங்காய் நல்ல அளவு. சம்பல் அரைக்கும் நாளில் கறிக்குப் பால் விடாமல் வையுங்கள். பருப்பையும் போஞ்சியையும் தாளித்தே இறக்கலாம். கறிக்குப் பால் விடும் நாளில் வெங்காயச் சம்பல். கெட்டிப்பால் இரண்டு கப் விடும் இடத்தில் அரைக் கப் போதும், மீதியை வெந்த பருப்பு மசித்த தண்ணீரால் நிரப்பலாம். குழம்பின் தடிப்பும் குறையாது. வல்லாரை, கரட் போன்றவற்றின் கரோட்டின் உறிஞ்சப்பட நேரத்துக்கு 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தால் போதும். வல்லாரைச் சம்பலில் போடும் ஒரு கைப்பிடித் தேங்காய்ப்பூ அதற்குத் தாராளம்.

கடையில் எந்த எண்ணெய் வாங்குவது?

ஒரே எண்ணெயில் எல்லாம் செய்யும் பழக்கத்தை விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தாளிப்பதற்கும் வதக்குவதற்கும் சோயா, சூரியகாந்தி அல்லது நல்லெண்ணெய். இவற்றில் நிரம்பிய கொழுப்பு 15 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. நீண்ட நேரம் ஆழமாகப் பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெய் தாங்கும். ஆனால் அப்படிப் பொரிப்பது வாரத்தில் ஒருமுறைக்குமேல் வேண்டாம். பாம் எண்ணெயில் பாதி நிரம்பிய கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. "பாம் எண்ணெய் விஷம், தேங்காய் எண்ணெய் அமிர்தம்" என்ற பேச்சு, இலங்கையில் பாம் எண்ணெய் இறக்குமதிக்கு 2021 ஏப்ரலில் தடை வந்தபோது நன்றாகவே பரவியது. எல்.டி.எல். கணக்கில் அதற்கு ஆதாரமில்லை.

அளவு: ஒருவருக்கு நாளுக்கு மூன்று தேக்கரண்டி. நான்கு பேருக்கு மாதம் இரண்டு லீற்றர் வரும். போத்தலைச் சரித்து நேராகத் தாச்சியில் ஊற்றினால் இந்த அளவில் நிற்காது. கரண்டியால் அளந்து விடுங்கள். அடைப்பில்லாத போத்தலில் நிறுத்து விற்கும் தேங்காய் எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்று சிலர் குளிரில் வைத்துப் பார்க்கிறார்கள். உறையாத பகுதி நிறைய மேலே நின்றால் சந்தேகப்படலாம். முழுக்க உறைந்தால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

மாஜரின், பெட்டிஸ், பேஸ்ட்ரி இவற்றில் என்ன பயம்?

ட்ரான்ஸ் கொழுப்பு. திரவ எண்ணெய்க்குள் நிக்கல் ஊக்கியோடு ஐதரசனைப் பாதியளவு ஏற்றினால் எண்ணெய் கட்டியாகும்; ஆனால் மிஞ்சும் இரட்டைப் பிணைப்புகளில் சில திரும்பிக்கொள்கின்றன. வளைய வேண்டிய சங்கிலி நிமிர்ந்துவிடும். பெயருக்கு நிரம்பாதது, நடத்தை நிரம்பியதைவிட மோசம்: எல்.டி.எல்.ஐக் கூட்டுவதோடு எச்.டி.எல்.ஐயும் குறைக்கிறது. மொத்தக் கலோரியில் 2 சதவீதம் ட்ரான்ஸ் கொழுப்பாக வந்தால், அதாவது நாளுக்கு 4, 5 கிராம், இதய நோய் ஆபத்து 23 சதவீதம் கூடுவதாக 2006இல் வெளியான பகுப்பாய்வு கணக்கிட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மேல் எல்லை 1 சதவீதம்.

பொதியில் "பகுதி ஐதரசனேற்றிய தாவர எண்ணெய்" என்று இருந்தால் வைத்துவிடுங்கள். "முழுமையாக ஐதரசனேற்றியது" என்றால் ட்ரான்ஸ் கிட்டத்தட்ட இராது, நிரம்பிய கொழுப்பு இருக்கும். பொதிகளில் போடும் சிவப்பு, அம்பர், பச்சை அடையாளம் மொத்தக் கொழுப்பைத்தான் காட்டும், வகையைக் காட்டாது. பேக்கரியில் பொதியே இல்லாமல் விற்பதற்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. பாலிலும் நெய்யிலும் இயற்கையாக உள்ள சிறிதளவு ட்ரான்ஸ், நாம் சாப்பிடும் அளவில் பெரிய கவலையல்ல.

வடை சுட்ட எண்ணெயை எத்தனை தடவை பாவிக்கலாம்?

வீட்டில் இரண்டு, மூன்று தடவை. அதுவும் ஒழுங்காகப் பாவித்தால்.

எண்ணெய்க்குள் மூன்று கேடு ஒரே நேரத்தில் நடக்கிறது. மாவிலிருந்து வரும் நீராவி ட்ரைகிளிசரைட்டை உடைத்துத் தனிக் கொழுப்பமிலங்களை விடுவிக்கிறது. அதனால் புகையும் வெப்பநிலை ஒவ்வொரு தடவையும் இறங்கும். காற்றிலிருக்கும் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அல்டிகைட்டுகளை உண்டாக்குகிறது. லினோலெயிக் அமிலத்திலிருந்து வரும் 4-ஐதரொக்சிநொனினல் கலத்தின் புரதங்களோடும் மரபுப் பொருளோடும் ஒட்டிக்கொள்ளக்கூடியது. மூன்றாவது, உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிப் பெரிய மூலக்கூறாகின்றன. தாச்சியின் விளிம்பில் மஞ்சளாக, தேய்த்தாலும் போகாமல் பிசுபிசுக்கும் படை அதுதான். சோயா எண்ணெயில் மூன்று இரட்டைப் பிணைப்புள்ள அமிலம் இருப்பதால் அது முதலில் கெடும்.

செய்ய வேண்டியது: எண்ணெயை 170 முதல் 180 பாகையில் வையுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் மிளகளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடிக்குப் போய் ஓரிரு விநாடியில் நுரைத்து மேலே வந்தால் சரி, அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, விழுந்தவுடன் கருகினால் அதிகம். சூடு போதாவிட்டால் வடை எண்ணெயைக் குடிக்கும். உப்பைப் பொரித்த பிறகு தூவுங்கள். முடிந்ததும் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, கருகிய தூள் ஒன்றும் இல்லாமல், மூடியுள்ள போத்தலில் வெளிச்சம் படாமல் வையுங்கள். பழைய எண்ணெயோடு புதியதைக் கலக்காதீர்கள்; பழையதில் உள்ள ஒட்சியேறிய பொருட்கள் புதியதையும் சீக்கிரம் கெடுக்கும்.

நுரை அடங்காமல் நின்றால், கருத்துத் தடித்தால், முன்பு புகையாத சூட்டில் புகைந்தால், பழைய மீன் வாடை அல்லது வர்ண வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். கானில் ஊற்ற வேண்டாம். குளிரில் கட்டிபட்டு அடைக்கும். பழைய பத்திரிகைத் தாளில் ஊறவைத்துக் குப்பையில் போடலாம்.

டவுன் கடைகளில் வடை, ரோல்ஸ் வாங்கும்போது தாச்சியைப் பாருங்கள். எண்ணெய் தேநீர் நிறத்தைத் தாண்டிக் கருப்பாக இருந்தால், அன்று அவித்த கடலையோ கச்சானோ வாங்கிக்கொள்வது நல்லது.

கடல் இங்கிருந்து தூரம். ஒமேகா-3க்கு என்ன செய்வது?

டின் மீனும் நெத்தலியும். தகரத்தில் அடைத்த ஜக் மெக்கரல் 100 கிராமில் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து 1.2 கிராம் அளவு உண்டு. வாரத்தில் இரண்டு தடவை, ஒருவருக்கு 100 கிராம் வீதம் சாப்பிட்டால் நாளுக்குச் சராசரி 340 மில்லிகிராம். பெரியவர்களுக்கு வேண்டிய 250ஐ அது தாண்டிவிடும். உப்பு அதிகமென்றால் மீனை ஒருமுறை அலசலாம். ஆனால் எண்ணெயில் அடைத்த டின் என்றால் அந்த எண்ணெய் பெரும்பாலும் சாதாரணத் தாவர எண்ணெய், வடித்துவிடுங்கள். லொறியில் வரும் சூடை, கும்பிளா போன்ற சிறு மீன்கள் புதிதாகக் கிடைத்தால் அவையே சிறந்தவை. ஆழமாகப் பொரிக்காமல் குழம்பாக வைத்தால் மீனின் கொழுப்பு குழம்பிலேயே தங்கும்.

கருவாட்டில் கவனம் வேண்டும். மஞ்சள் பூத்து, மூக்கில் காறும் கருவாட்டின் ஒமேகா-3 ஏற்கெனவே ஒட்சியேறிக் கெட்டுவிட்டது.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் சோயா எண்ணெய் போன்றவற்றின் ஆல்பா லினோலெனிக் அமிலத்தையே நம்ப வேண்டும். உடம்பு அதிலிருந்து ஈ.பி.ஏ. செய்வது சிறு சதவீதம், டி.எச்.ஏ. செய்வது அதிலும் குறைவு. பாசியிலிருந்து எடுக்கும் டி.எச்.ஏ. மாத்திரை உண்டு, கர்ப்பிணிகளுக்கு மட்டும் அதை யோசிக்கலாம்.

அவகாடோவும் கச்சானும் கொழுப்புத்தானே?

கொழுப்புத்தான், ஒலெயிக் மிகுந்த நல்ல வகை. அவகாடோ 100 கிராமில் 15 கிராம் கொழுப்பு, அதில் 10 கிராம் ஒற்றை இரட்டைப் பிணைப்புள்ளது. மரம் வீட்டுப் பின்னால் நிற்கும் ஊரில் இதை விட்டுவிட்டு மாஜரின் வாங்குவது விந்தை. பாணில் மாஜரினுக்குப் பதில் உப்பும் தேசிக்காயும் சேர்த்துப் பூசிப் பாருங்கள். சீனியும் டின்பாலும் கொட்டி அடித்தால் நாம் முன்பு சொன்ன கதவு மூடும் கதைதான். அவித்த கச்சான் ஒரு கைப்பிடி, 30 கிராம், மாலைக்குப் போதும்.

ஆள் மெலிவு, ஆனால் ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்கிறார்கள். எப்படி?

தெற்காசிய உடம்பு தோலுக்கடியில் கொழுப்பை வைக்க இடம் குறைந்தது. மிஞ்சியது வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் ஈரலிலும் தசையிலும் ஏறுகிறது. அதனால்தான் எடையைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம்: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது.

ஈரலில் சேரும் கொழுப்பு எல்லாம் எண்ணெயிலிருந்து வருவதில்லை. மிஞ்சிய சீனியையும் மாவையும் ஈரலே பாமிற்றிக் அமிலமாக மாற்றிவிடும். சாராயமும் அதே பாதைக்குத் தீனி. கொழுப்பின் வகைக்கும் பங்குண்டு: சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஆய்வில் 39 பேருக்கு ஏழு வாரம் நாளும் 750 கிலோ கலோரி அதிகமாகக் கேக் கொடுத்தார்கள்; பாதிப்பேருக்குப் பாம் எண்ணெயில், பாதிப்பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. எடை இருபக்கமும் ஒரே அளவு, 1.6 கிலோ கூடியது. ஈரல் கொழுப்பு பாம் எண்ணெய்ப் பக்கம்தான் தெளிவாகக் கூடியது.

கலத்துக்குள் பாமிற்றிக் அமிலம் மிஞ்சினால் செரமைட்டு, டையசைல்கிளிசரோல் என்ற கொழுப்புப் பொருட்கள் சேர்ந்து இன்சுலினின் சமிக்ஞையைக் குழப்புகின்றன. நீரிழிவுக்கு வழி இதிலும் ஒன்று. ஒலெயிக் அமிலம் கூட இருந்தால் மிஞ்சியது தீங்கு குறைந்த ட்ரைகிளிசரைட்டாகப் பொதியப்படுகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கும் எண்ணெயைக் குறைக்கலாமா?

கூடாது. இதில் நாங்கள் கண்டிப்பானவர்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் தோட்டத்துறையின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம். கொலஸ்ட்ரோலுக்குப் பயந்த பெரியவர்களின் விதியை இந்தப் பிள்ளைகள் மேல் போடக் கூடாது. 8 கிலோக் குழந்தையின் வயிறு ஒரு நேரத்தில் கொள்வது 240 மில்லிலீற்றர் அளவுதான். தண்ணீர்க் கஞ்சியாலும் பருப்புத் தண்ணியாலும் அதை நிரப்பினால் சக்தி சேராது. இரண்டு வயது வரை ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், நெய் அல்லது கெட்டித் தேங்காய்ப்பால் பிசையுங்கள். எண்ணெய் அல்லது நெய் என்றால் 40 கிலோ கலோரி அளவு கூடும், தேங்காய்ப்பால் என்றால் அதைவிடக் குறைவு. மசித்த அவகாடோ, முள்ளெடுத்த மீன், முட்டை மஞ்சட்கரு எல்லாம் நல்லவை. தாய்ப்பாலின் கலோரியில் பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் குழந்தையின் மூளை டி.எச்.ஏ.யை வேகமாகச் சேர்க்கும் காலம். தாய்க்கு நாளுக்கு 200 மில்லிகிராம் வேண்டும். சிறு மீன், டின் மீன் பயமில்லை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும், அவற்றைத் தவிர்க்கவும்.

இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எதைப் பார்த்து எதைக் குறைப்பது?

எல்.டி.எல். மட்டும் கூடியிருந்தால் தேங்காய், பேக்கரிச் சாமான், பால்மா, நெய் ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றின் இடத்தில் சோறும் ரொட்டியும் ஏறினால் பயன் குறைவு. தாவர எண்ணெய், கச்சான், மீன், பருப்பு ஏற வேண்டும். நிரம்பிய கொழுப்பை இரண்டு வருடத்துக்கு மேல் குறைத்த ஆய்வுகளை 2020இல் திரட்டிப் பார்த்தபோது, இதய, இரத்தக்குழாய் நோய்ச் சம்பவங்கள் ஆறில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தன.

ட்ரைகிளிசரைட் 150 மில்லிகிராமுக்கு மேல், எச்.டி.எல். குறைவு, எல்.டி.எல். நடுத்தரம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் சீனி, மா, சாராயம். இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டுச் சீனித் தேநீரைத் தொடர்பவர்கள் அதிகம். அடுத்த ரிப்போர்ட்டும் அப்படியே வரும். ட்ரைகிளிசரைட் 500ஐத் தாண்டினால் சதையி அழற்சி ஆபத்து உண்டு. அப்போது எல்லாக் கொழுப்பையும் குறைக்க வேண்டும், உடனே வைத்தியரிடம் போக வேண்டும். எல்.டி.எல். 190க்கு மேல் என்றால் பரம்பரைக் காரணமாக இருக்கலாம். சாப்பாட்டால் மட்டும் இறங்காது, வீட்டிலுள்ள மற்றவர்களும் பரிசோதிக்க வேண்டும்.

பரிசோதனைக்கு முன் 9 முதல் 12 மணித்தியாலம் வெறுவயிறு. தண்ணீர் குடிக்கலாம், காலைத் தேநீர் கூடாது. சாப்பாட்டை மாற்றிய பிறகு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கொலஸ்ட்ரோல் மாத்திரை எடுப்பவர்கள் ரிப்போர்ட் நன்றாக வந்தது என்று தாங்களாக நிறுத்த வேண்டாம். நன்றாக வந்ததே அந்த மாத்திரையால்தான் இருக்கலாம்.